வளைவில் நேரே இழுக்கும் கார்: அண்டர்ஸ்டியரின் காரணத்தைப் படிப்படியாகக் கண்டறிதல்

காலபோக மழை விழுந்த வயலில் உழவு இயந்திரத்தைத் திருப்புகின்ற ஒருவரை வன்னியில் வளர்ந்த எவரும் பார்த்திருப்பார்கள். வரம்பை அண்மித்ததும் அவர் கலப்பையைத் தூக்குகிறார். அதன் பாரம் பின்னச்சுக்கு அப்பால் தொங்கி முன்பக்கத்தை இலேசாக்கிவிடுகிறது. ஸ்டியரிங்கை முழுவதும் வெட்டினாலும், திரும்பி நிற்கின்ற முன்சில்லுகள் சேற்றை ஒதுக்கிக்கொண்டு நேரே போகின்றனவே தவிர இயந்திரம் திரும்புவதில்லை. அனுபவமுள்ளவர் அந்நேரத்தில் மேலும் வெட்டிப் பார்ப்பதில்லை. இடது, வலது பின்சில்லுகளுக்கெனத் தனித்தனியாக இருக்கின்ற இரண்டு பிறேக் பெடல்களில் உட்பக்கத்துக்குரியதை மட்டும் மிதிக்கிறார். இயந்திரம் அந்தச் சில்லைச் சுற்றித் திரும்பிவிடுகிறது.

பந்தயக் காரில் இத்தகைய நிலை ஏற்படும்போது அதனை அண்டர்ஸ்டியர் என்கிறார்கள். ஓட்டுநர் கேட்ட அளவுக்குக் கார் திரும்பாமல், அதன் முன்பக்கம் வளைவின் வெளிப்புறம் நோக்கி அகன்று செல்கிறது. இதன் மறுதலையான ஓவர்ஸ்டியரில் பின்பக்கம் வெளியே வீசப்பட்டு, கார் கேட்டதைவிட அதிகமாகத் திரும்புகிறது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் போட்டியில் நடிகர் அஜித்குமாரின் அணி ஓடியதன் பின்னர் கார்ப் பந்தயத்தைப் பார்க்கத் தொடங்கி, வர்ணனையாளர்கள் ஓயாமல் சொல்கின்ற இந்தச் சிக்கல் எதனால் வருகிறது என்று கேட்கின்றவர்களை மனத்தில் வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது. பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை, க.பொ.த. சாதாரண தரக் கணிதமும் விஞ்ஞானமும் போதும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அண்டர்ஸ்டியருக்குப் பத்துக் காரணங்களை எவரும் மனப்பாடமாக ஒப்புவிக்கலாம். அதனால் பயன் குறைவு. வளைவின் எந்த இடத்தில், எந்த வேகத்தில், கால் எந்தப் பெடலில் இருக்கும்போது முன்பக்கம் விலகத் தொடங்கியது என்பதைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவருக்கே காரணம் பிடிபடும். கீழுள்ள படிகள் அந்த ஒழுங்கிலேயே அமைந்துள்ளன.

முதலாம் படி: டயரின் வேலையை விளங்கிக்கொள்ளுங்கள்

காரைத் திருப்புகின்ற விசை முழுவதும், நான்கு டயர்களும் வீதியைத் தொடுகின்ற, ஒவ்வொன்றும் உள்ளங்கையளவேயான பரப்புகளிலிருந்து வருகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சில்லு ஒரு திசையைப் பார்க்கிறது. ஆனால் இறப்பர் வளைந்து கொடுப்பதால், டயர் உண்மையில் நகர்கின்ற திசை அதிலிருந்து சற்று விலகியே இருக்கும். இவ்விரு திசைகளுக்கும் இடைப்பட்ட கோணத்தை வழுக்கற் கோணம் என்போம். கோணம் பெருகப் பெருகப் பக்கவிசையும் பெருகும். ஆயினும் இது ஓர் உச்சம் வரையிலேயே நடக்கும். சாதாரண வீதி டயரில் அந்த உச்சம் ஏறத்தாழ 8 முதல் 12 பாகைக்குள்ளும், மேற்பரப்பில் வெட்டுகள் இல்லாத பந்தய டயரில் அதைவிடச் சிறிய கோணத்திலும் வந்துவிடும். அதற்கு மேல் கோணத்தைக் கூட்டினால் விசை குறையுமே தவிரக் கூடாது.

முன் டயர்களின் வழுக்கற் கோணம் பின் டயர்களினதைவிடப் பெரிதாக இருக்கும் நிலையே அண்டர்ஸ்டியர். 1930களில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய மொரிஸ் ஒல்லி என்ற பொறியியலாளர் காரின் நடத்தையை இவ்வாறு முன் பின் கோணங்களின் வேறுபாடாகப் பார்க்கத் தொடங்கினார். இன்றைய பந்தய அணிகளின் கணக்கும் அந்த அடிப்படையிலேயே நிற்கிறது. முன் டயர்கள் உச்சத்தைத் தாண்டிய பிறகு ஓட்டுநர் பயத்தில் மேலும் வெட்டினால் என்ன நடக்கும் என்பதும் இதிலிருந்து தெளிவாகிறது. கோணம் இன்னும் கூடுகிறது, பிடிப்பு இன்னும் குறைகிறது, கார் முன்னிலும் நேராகப் போகிறது.

சாதாரணக் கார்களை உற்பத்தியாளர்கள் வேண்டுமென்றே சிறிதளவு அண்டர்ஸ்டியர் இருக்கும்படி அமைக்கிறார்கள் என்பதையும் இங்கே அறிந்துகொள்ளலாம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் மழை நாளொன்றில் ஒருவர் தமது விட்ஸ் காரைச் சற்று அதிக வேகத்தில் வளைவுக்குள் விட்டுவிட்டால், முன்பக்கம் அகன்று போவதை உணர்ந்து இயல்பாகவே காலை எடுப்பார். வேகம் குறையும், முன்சில்லுகள் மீண்டும் பற்றிக்கொள்ளும். பின்பக்கம் வீசுகின்ற காரைப் பயிற்சியில்லாத ஒருவரால் அவ்வாறு மீட்க முடியாது. பந்தயத்தில் மாத்திரமே இந்தப் பாதுகாப்பு ஒரு குறையாகிறது. அகன்று போகின்ற ஒவ்வொரு மீற்றரும் நேரமாகக் கழிகிறது. காலை எடுத்துக் காத்திருக்கின்ற ஒவ்வொரு கணமும் அடுத்து வரும் நேர்ப்பாதை முழுவதிலும் வேகக் குறைவாகத் தொடர்கிறது.

இரண்டாம் படி: கையாலும் காதாலும் அடையாளம் காணுங்கள்

அண்டர்ஸ்டியரை முதலில் அறிவது கை. பக்கவிசை டயரின் தொடுபரப்பின் நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளிச் செயற்படுவதால், சில்லை நேராக்க முயல்கின்ற ஒரு திருப்பம் எப்போதும் இருந்துகொண்டிருக்கும். வளைவில் ஸ்டியரிங் பாரமாக இருப்பதற்கு அது ஒரு முக்கிய காரணம். பிடிப்பின் உச்சத்தை அண்மிக்கும்போது விசை செயற்படும் புள்ளி நடுவை நோக்கி நகர்கிறது. ஆகவே பிடிப்பு குறைவதற்குச் சற்று முன்னதாகவே கையிலுள்ள பாரம் குறையத் தொடங்குகிறது. வளைவின் நடுவில் ஸ்டியரிங் திடீரென இலேசாவதை உணர்ந்தவர், காரின் மூக்கு விலகுவதைக் கண்ணால் காண்பதற்கு முன்னரே செய்தியைப் பெற்றுவிட்டார். பவர் ஸ்டியரிங் உள்ள கார்களில் இந்த வேறுபாடு மங்கலாகவே தெரியும் என்பதால் காதையும் பயன்படுத்த வேண்டும். முன் டயர்கள் உராய்ந்து தேய்கின்ற கரகரப்பான ஓசை காலடியிலிருந்து எழும்.

தொலைக்காட்சியில் பார்க்கின்றவர், ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள கமெராக் காட்சியில் கைகளைக் கவனிக்க வேண்டும். கைகள் வளைவின் பக்கம் மேலும் மேலும் திரும்பிக்கொண்டிருக்க, காரின் மூக்கு அதே வேகத்தில் உள்ளே வராதிருந்தால் அது அண்டர்ஸ்டியர். கைகள் வளைவுக்கு எதிர்ப்பக்கம் திரும்பினால் ஓவர்ஸ்டியர்.

மூன்றாம் படி: இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு வளைவை நுழைவு, நடு, வெளியேற்றம் என மூன்றாகப் பிரியுங்கள். பிறேக்கிலிருந்து கால் விலகிக்கொண்டிருக்கும்போது முன்பக்கம் வழுக்கினால் அது நுழைவுச் சிக்கல். அநேகமாக வேகம், பிறேக், ஸ்டியரிங்கைத் திருப்பிய விதம் ஆகியவற்றில் ஒன்றே காரணம். எந்தப் பெடலும் பலமாக அழுத்தப்படாத நடுப்பகுதியில் வழுக்கினால், காரின் அமைப்பை, அதாவது டயர், ஸ்பிரிங், பாரப் பகிர்வு என்பவற்றைச் சந்தேகிக்க வேண்டும். அக்சிலேட்டரை மிதிக்கத் தொடங்கியதும் வழுக்கினால் அது வெளியேற்றச் சிக்கல். மிதிக்கும் காலும், ஓர் அச்சின் இரு சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கின்ற டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கர அமைப்பும் விசாரிக்கப்பட வேண்டியவை.

இதற்கு மேல் இரண்டு கேள்விகள் உண்டு. மெதுவான வளைவுகளில் ஒழுங்காகத் திரும்புகின்ற கார் வேகமான வளைவுகளில் மட்டும் விலகுகிறதா? அவ்வாறாயின் காற்றியக்கத்தை, அதாவது ஓடும் கார் மீது காற்று செலுத்துகின்ற விசையைப் பார்க்க வேண்டும். இடது வளைவுகளில் மட்டும் விலகி, வலது வளைவுகளில் சரியாக இருக்கிறதா? அப்படியானால் சில்லுகளின் கோணம் ஒரு பக்கம் பிசகியிருக்கலாம், அல்லது நான்கு சில்லுகளின் மீதான பாரம் மூலைக்கு மூலை ஏற்றத்தாழ்வாக இருக்கலாம். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமலே ஸ்பிரிங்கை மாற்றப் புறப்படுகின்றவர்கள் ஏராளம்.

நான்காம் படி: கார் மீது பழியைப் போடுமுன் ஓட்டுநரைச் சோதியுங்கள்

கராஜில் ஸ்பனரைக் கையில் எடுப்பதற்கு முன்னர் இந்தப் படியில் நீண்ட நேரம் செலவிடுவது நல்லது; தொடக்கக்காரரின் அண்டர்ஸ்டியரில் பெரும்பகுதி அவரது சொந்தக் கைகால்களிலிருந்தே வருகிறது என்பது எனது உறுதியான கருத்து.

வேகத்திலிருந்து தொடங்குவோம். ஒரு வளைவில் தேவைப்படும் பக்கவிசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வேகம் 10 வீதம் கூடினால் விசை 21 வீதம் கூட வேண்டும். 30 மீற்றர் ஆரையுள்ள சமதள வளைவொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தார் வீதியில் டயரின் உராய்வுக் குணகம் 0.9 எனக் கொண்டால், மணிக்கு ஏறத்தாழ 58 கிலோமீற்றருக்கு மேல் எந்தக் காராலும் அதில் திரும்ப முடியாது. அதே வளைவு கிரவல் வீதியில் அமைந்து, குணகம் 0.5 ஆகக் குறைந்தால், எல்லை 44 கிலோமீற்றருக்கு இறங்கிவிடும். இந்த எல்லைக்கு மேல் வளைவுக்குள் நுழைந்த காருக்கு அமைப்பில் எந்தத் திருத்தம் செய்தும் பயனில்லை. அதற்குத் தேவையானது முன்கூட்டியே மிதிக்கப்பட்ட பிறேக்.

அடுத்தது பிறேக்கையும் ஸ்டியரிங்கையும் ஒன்றாகக் கேட்பது. ஒரு டயர் தரக்கூடிய மொத்தப் பிடிப்பு ஓர் அளவுக்கு உட்பட்டது. அதனை நீளவாட்டிலும் பக்கவாட்டிலும் பகிர்ந்தே பயன்படுத்த வேண்டும். இந்தப் பகிர்வு சாதாரணக் கழித்தலாக நடப்பதில்லை. இரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்பதால் பைதகரசின் தேற்றத்தின்படி நடக்கிறது. பிடிப்பின் 80 வீதம் பிறேக்கில் செலவாகும்போது பக்கத்துக்கு 60 வீதம் எஞ்சுகிறது. முழுவதும் பிறேக்கில் செலவாகிச் சில்லு இறுகிவிட்டால் திருப்புவதற்கு எதுவும் எஞ்சாது. ஆகவே பிறேக்கைப் பலமாக மிதித்தபடி ஸ்டியரிங்கை வெட்டுகின்றவரின் கார் நேரே போவதில் வியப்பில்லை.

ஆனால் பிறேக்கிலிருந்து காலை ஒரேயடியாக எடுத்துவிட்டுத் திருப்புவதும் தவறு. பிறேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன் டயர்கள் மீது சாய்கிறது. காலைச் சடுதியாக எடுத்ததும் மூக்கு மேலெழுந்து அந்தப் பாரம் பின்னுக்குப் போய்விடுகிறது. திருப்ப வேண்டிய அதே கணத்தில் முன் டயர்கள் இலேசாகிவிடுகின்றன. தேர்ந்த ஓட்டுநர் நேர்ப்பாதையில் பலமாகப் பிறேக் பிடித்து, ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கும்போது பிறேக்கைப் படிப்படியாக விடுவித்து, வளைவின் உள்முனையை அண்மிக்கும்போதே முழுவதும் விடுகிறார். ஸ்டியரிங் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பிறேக் குறைகிறது. இந்த ஒரு பழக்கம் கைவந்தால் நுழைவு அண்டர்ஸ்டியரின் பெரும்பகுதி மறைந்துவிடும். கைவருவதற்குத்தான் காலம் எடுக்கும்.

அக்சிலேட்டரும் இதே கணக்கில் அடங்கும். முற்சில்லுகள் இழுக்கின்ற கார்களில், அதாவது எமது வீதிகளில் ஓடுகின்ற ஓல்டோ, விட்ஸ் போன்றவற்றில், திருப்புகின்ற வேலையும் இழுக்கின்ற வேலையும் அதே இரண்டு டயர்களுக்கே. வளைவின் நடுவில் பலமாக மிதித்தால் அவை இரண்டையும் செய்ய முடியாமல் வழுக்கும். பின்சில்லுகள் தள்ளுகின்ற கார்களிலும் மிதித்தவுடன் பாரம் பின்னுக்குச் சாய்வதால் முன்பக்கம் அகலும். இங்கே கூர்ந்து படிக்கின்றவருக்கு ஒரு சந்தேகம் எழலாம்: முன்பக்கம் இலேசானால் அதைத் திருப்புவதும் இலகுவாக வேண்டுமல்லவா? முன்பக்கத்தில் உண்மையாகவே திணிவு குறைவாக இருந்தால் அவ்வாறுதான். ஆனால் வேகம் கூட்டும்போது திணிவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. டயர் மீதான அழுத்தம் மட்டுமே பின்னுக்குப் போகிறது. திருப்ப வேண்டிய திணிவு மாறவில்லை, திருப்புவதற்கான பிடிப்பு குறைந்துவிட்டது.

முற்சில்லு இழுவைக் காரின் இந்தக் குணத்தை வென்ற விதத்தில் பின்லாந்து ஓட்டுநர்களின் பெயர் நிலைத்திருக்கிறது. 1965இல் மொன்டே கார்லோ ரலியை வென்ற டிமோ மாக்கினென், 1967இல் வென்ற ரவ்னோ ஆல்டோனென் ஆகிய இருவரும் ஓட்டியது சின்னஞ்சிறு மினி கூப்பர். வலது கால் அக்சிலேட்டரில் இருக்க இடது காலால் பிறேக்கைத் தட்டுவது அவர்களது உத்தி. முன்சில்லுகளை இயந்திரத்தின் இழுவை சுழற்றிக்கொண்டிருக்க, பிறேக்கின் தாக்கம் இழுவை இல்லாத பின்சில்லுகளிலேயே அதிகம் விழும். பாரமும் முன்னுக்குச் சாயும். விளைவாகப் பின்பக்கம் சற்று விலகி மூக்கு உள்ளே திரும்பும்.

ஐந்தாம் படி: டயரையும் காற்றையும் பாருங்கள்

ஓட்டுநரில் குறையில்லை என்று நேர்மையாகச் சொல்ல முடிந்தால் டயருக்கு வாருங்கள். காற்றமுக்கம் தேவைக்குக் கூடினால் தொடுபரப்பு நடுவில் மட்டும் குவியும். குறைந்தால் ஓரங்கள் பாரத்தை ஏற்று, டயரின் சுவர் மடிந்து, திருப்பத்துக்கான பதில் தாமதமாகும். முன் டயர்களில் இவற்றில் எது நடந்தாலும் அண்டர்ஸ்டியரே வரும். வன்னி வெயிலில் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். சாதாரண டயரொன்றில் வெப்பநிலை 5 அல்லது 6 பாகை செல்சியஸ் கூடும்போது அமுக்கம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. கூடுகிறது. விடியற்காலையில் அளந்து வைத்த அமுக்கம், நண்பகலில் சில சுற்றுகள் ஓடிய பின் பல பி.எஸ்.ஐ. உயர்ந்திருக்கும். ஆகவே ஓடி முடித்து வந்தவுடன், டயர் சூடாக இருக்கும்போது அளந்த அமுக்கத்தையே ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டும்.

டயரின் மேற்பரப்பே மிச்சத்தைச் சொல்லிவிடும். ஓடி வந்தவுடன் முன் டயரின் உள்ளோரம், நடு, வெளியோரம் ஆகிய மூன்று இடங்களின் வெப்பநிலையை அளவிடுங்கள். நடு மட்டும் அதிகம் சூடானால் அமுக்கம் கூடிவிட்டது. வெளியோரம் மட்டும் சூடாகித் தேய்ந்திருந்தால், வளைவில் கார் சாயும்போது டயர் தனது வெளியோரத்தில் ஏறி நிற்கிறது என்று பொருள். சில்லின் மேல்முனையை உட்பக்கம் மேலும் சாய்த்துப் பூட்ட வேண்டும். சிறிய கார்களில் பெரும்பாலும் பயன்படுகின்ற மக்பேர்சன் வகை முன் தொங்கலமைப்பில் கார் சாயச் சாய இந்தச் சரிவு இழக்கப்படுவதால், அவ்வகைக் கார்களைப் பந்தயத்துக்குத் தயார் செய்பவர்கள் நிற்கும்போதே நன்கு சரிந்து தெரியும்படி முன்சில்லுகளை வைக்கிறார்கள்.

ஆறாம் படி: பாரம் இடம்பெயர்வதைக் கணக்கிடுங்கள்

இந்தப் பாடத்தில் புதியவர்கள் அதிகம் தடுமாறுகின்ற இடம் இது. ஆகவே ஆறுதலாகப் பார்ப்போம்.

டயர் மீது பாரத்தை இரட்டித்தால் பிடிப்பும் கூடும், ஆனால் இரட்டிப்பதில்லை. ஓர் எளிய கணக்குக்காக எண்களை நான் எடுத்துக்கொள்கிறேன். முன்னச்சிலுள்ள இரண்டு டயர்களும் தலா 300 கிலோ பாரத்தைத் தாங்குகின்றன, அந்தப் பாரத்தில் குணகம் 1.0 என்றால், இரண்டும் சேர்ந்து 600 கிலோவுக்குச் சமமான பிடிப்பைத் தரும். இப்போது வளைவில் 150 கிலோ உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு இடம்பெயர்கிறது. வெளி டயர் 450 கிலோவைத் தாங்கும்போது அதன் குணகம் 0.9 ஆகக் குறைகிறது, 405 தருகிறது. உள் டயர் 150 கிலோவில் குணகம் 1.1 ஆகி 165 தருகிறது. மொத்தம் 570. பாரத்தின் கூட்டுத்தொகை மாறாமலே முன்னச்சு 30 கிலோவுக்குச் சமமான பிடிப்பை இழந்துவிட்டது.

இதிலிருந்து கிடைக்கும் விதி: எந்த அச்சில் பக்கவாட்டுப் பாரப் பெயர்ச்சி அதிகமோ அந்த அச்சு முதலில் வழுக்கும். காரின் மொத்தப் பாரப் பெயர்ச்சியை அதன் உயரமும் அகலமும் வேகமும் தீர்மானித்துவிடுகின்றன. அதில் முன்னச்சுக்கு எவ்வளவு, பின்னச்சுக்கு எவ்வளவு என்ற பங்கீடு மட்டுமே எமது கையில் இருக்கிறது. கார் பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கின்ற ஸ்பிரிங்கும், இரு பக்கத்துச் சில்லுகளையும் இணைக்கின்ற அன்டி ரோல் பார் எனப்படும் முறுக்குக் கம்பியும் அந்தப் பங்கீட்டுக்கான கருவிகள். முன் கம்பி தடிப்பாக இருந்தால் முன்னச்சு அதிக பங்கை ஏற்று அண்டர்ஸ்டியரைக் கூட்டும். அதனை மென்மையாக்கினாலோ பின் கம்பியைக் கடினமாக்கினாலோ முன்பக்கம் பற்றிக்கொள்ளும். முற்சில்லு இழுவைப் பந்தயக் கார்கள் வளைவில் உட்பக்கப் பின்சில்லைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு மூன்று சில்லுகளில் போவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது விபத்தின் அறிகுறியன்று. பின்பக்கத்தை வேண்டுமென்றே அவ்வளவு கடினமாக்கி, பெயர்ச்சியின் பெரும்பங்கை அங்கே தள்ளியிருக்கிறார்கள்.

மூக்கில் இயந்திரத்தைச் சுமக்கின்ற கார்கள் ஏன் இயல்பாகவே அண்டர்ஸ்டியருக்குச் சாய்கின்றன என்பதையும் இதே கணக்கு விளக்குகிறது. எடையின் 60 வீதத்துக்கு மேல் முன்னச்சில் இருந்தால், திருப்புவதற்குத் தேவையான விசையிலும் 60 வீதத்துக்கு மேல் முன் டயர்கள்தான் தர வேண்டும். ஆனால் அவற்றின் பிடிப்பு பாரத்தின் விகிதத்தில் கூடவில்லை. அஜித்குமாரின் அணி துபாயில் பயன்படுத்திய போர்ஷே 911 வகை இதற்கு நேரெதிர்: இயந்திரம் பின்னச்சுக்கும் பின்னால் இருப்பதால் எடையின் ஏறத்தாழ 60 வீதம் பின்பக்கம். வளைவுக்குள் நுழையும்போது பிறேக்கை முன்கூட்டியே விட்டுவிட்டால் அதன் இலேசான மூக்கு அகன்று போகும். அடுத்த கணம் அக்சிலேட்டரிலிருந்து சடுதியாகக் காலெடுத்தால் பாரமான பின்பக்கம் வீசிவிடும். ஒரே காரில் இரண்டு குணங்கள்.

ஷொக் அப்சோபரைப் பற்றிப் பேசுவதில் பலருக்கு ஆசை. கார் சாய்ந்துகொண்டிருக்கின்ற குறுகிய நேரத்தில் மட்டுமே அது செயற்படுகிறது என்பதால், தொடக்கக்காரர் அதைக் கடைசிக்கு விட்டுவிடலாம்.

ஏழாம் படி: டிஃபரன்ஷியலைச் சந்தேகியுங்கள்

வளைவில் வெளிச்சில்லு உட்சில்லைவிட நீண்ட தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுப்பதே டிஃபரன்ஷியலின் வேலை. பந்தயக் கார்களில் ஒரு சில்லு வீணே சுழலாதிருக்க அதனைப் பகுதியாகவோ முழுதாகவோ இறுக்குகிறார்கள். அளவு மிஞ்சி இறுகினால் இரண்டு பின்சில்லுகளும் ஒரே வேகத்தில் சுழன்று காரை நேரே தள்ளும். வயலில் டிஃப் லொக்கை எடுக்க மறந்து திருப்ப முயன்ற எவருக்கும் இது புதிதன்று. கோ காட் எனப்படும் சிறிய பந்தய வண்டிக்கு டிஃபரன்ஷியலே கிடையாது. பின்னச்சு ஒரே இரும்புத் தண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சில்லுகளின் கோண அமைப்பு வண்டியின் உட்பக்கப் பின்சில்லைச் சற்றே தூக்கிவிடும்படி அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. மிக மெதுவாகத் தயங்கித் திருப்புகின்றவரின் வண்டியில் அந்தச் சில்லு எழாது, வண்டியும் திரும்பாது.

உழவு இயந்திரத்தின் தனிப் பிறேக் உத்தியை போர்முலா 1 அணியொன்றே பயன்படுத்தியது என்பது பலருக்குத் தெரியாது. 1997இல் மக்லாரன் கார்களில் கூடுதலாக ஒரு பிறேக் பெடல் மறைவாகப் பொருத்தப்பட்டிருந்தது. அது ஒரு பக்கப் பின்சில்லை மட்டும் பிடித்து, மூக்கை உள்ளே திருப்பியது. பிறேக் தேவைப்படாத இடத்தில் அந்தக் காரின் பின் பிறேக் செந்நிறத்தில் ஒளிர்வதைத் தமது படங்களில் கவனித்த டரன் ஹீத் என்ற புகைப்படக் கலைஞர், ஜேர்மனியின் நேர்பேர்க்ரிங் தடத்தில் பழுதாகி நின்ற காரின் ஓட்டுநர் இருக்கைப் பகுதிக்குள் கமெராவை விட்டுப் படமெடுத்து இரகசியத்தை வெளிப்படுத்தினார். 1998 பருவத்தின் தொடக்கத்தில் அந்த ஏற்பாடு தடைசெய்யப்பட்டது.

எட்டாம் படி: வேகமான வளைவில் மட்டும் என்றால் காற்றியக்கம்

இறக்கைகள் உள்ள கார்களில் கீழ்நோக்கிய காற்றுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. மணிக்கு 100 கிலோமீற்றரில் உள்ளதைவிட 200இல் நான்கு மடங்கு. மெதுவான வளைவில் அதன் பங்கு சொற்பம் என்பதால் அங்கே நடப்பதைக் கொண்டு இறக்கையைக் குறை சொல்லக் கூடாது. வேகமான வளைவில் மட்டும் முன்பக்கம் விலகினால், முன் இறக்கையின் சரிவைக் கூட்டுவது அல்லது பின் இறக்கையினதைக் குறைப்பது வழி. முன்னால் ஒரு கார் நெருக்கமாகப் போகும்போது மட்டும் விலகினால் உங்கள் காரில் குறையில்லை. அந்தக் கார் கலக்கிவிட்ட காற்று உங்கள் முன் இறக்கைக்குப் போதிய விசையைத் தரவில்லை. போர்முலா 1இல் 2022ஆம் ஆண்டின் விதி மாற்றங்களுக்கு இந்தச் சிக்கலைக் குறைப்பது ஒரு முக்கிய நோக்கமாக இருந்தது.

ஒன்பதாம் படி: பழகும் இடமும் திருத்தும் ஒழுங்கும்

வன்னியில் இதற்கென ஒரு பந்தயத் தடம் இல்லை. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டி, தியத்தலாவையின் பொக்ஸ் ஹில், கட்டுக்குருந்தை ஓடுபாதைப் போட்டி ஆகியனவே எமது நாட்டில் பெயர் பெற்றவை, மூன்றும் தொலைவு. அதற்காக ஏ9 வீதியிலோ மாங்குளம்–முல்லைத்தீவு வீதியிலோ கிரவல் ஒழுங்கைகளிலோ காரின் எல்லையைச் சோதிக்க எவரும் முனையக் கூடாது. மாடுகளும், துவிச்சக்கர வண்டிகளில் பாடசாலைப் பிள்ளைகளும், மின்விளக்கில்லாத பெட்டி பூட்டிய உழவு இயந்திரங்களும் செல்கின்ற வீதிகள் அவை. போட்டியைப் பார்க்கப் போகின்றவர்களும் வளைவின் வெளிப்புறத்தில் நிற்கக் கூடாது. பிடிப்பை இழந்த கார் வந்து சேருமிடம் அதுதான். 2024 ஏப்ரல் 21 அன்று பொக்ஸ் ஹில்லில் தடத்தை விட்டு விலகிய கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்ததில் ஒரு சிறுமி உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள்.

ஆகவே எமது பகுதியில் தொடங்குகின்றவருக்கு உகந்தது கணினிப் பந்தயம். அசெட்டோ கோர்சா போன்ற மென்பொருள்கள் வழுக்கற் கோணத்தையும் பாரப் பெயர்ச்சியையும் டயர் வெப்பநிலையையும் கணக்கிட்டே காரை இயக்குகின்றன. விசையைக் கையில் உணர்த்துகின்ற ஸ்டியரிங் ஒன்றை நண்பர்கள் சேர்ந்து வாங்கினாலும் போதும். இரண்டாம் படியில் சொன்ன அந்த இலேசாகும் உணர்வை வீட்டிலிருந்தே பழகலாம்.

ஒரே காரை, ஒரே தடத்தை எடுத்து, எதையும் மாற்றாமல் நேரங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கும் வரை ஓடுங்கள். சுற்றுக்குச் சுற்று உங்கள் ஓட்டமே மாறிக்கொண்டிருந்தால் எந்தத் திருத்தத்தின் பலனையும் அறிய முடியாது. கொப்பியொன்றில் வளைவின் இலக்கம், நுழைவா நடுவா வெளியேற்றமா, கால் எந்தப் பெடலில், ஸ்டியரிங் இலேசானதா என்று எழுதுங்கள். நடுப்பகுதி அண்டர்ஸ்டியர் என்று உறுதியானால் முன் டயர் அமுக்கத்தைச் சரிபார்த்து, பின்னர் முன் கம்பியை ஒரு படி மட்டும் மென்மையாக்கி, அதே எண்ணிக்கையான சுற்றுகளை மீண்டும் ஓடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். முன்பக்கம் பற்றத் தொடங்கியும், பிறேக் பிடிக்கும்போது பின்பக்கம் ஆடினால், கம்பியை அப்படியே விட்டுப் பிறேக் விசையின் பங்கீட்டைச் சற்று முன்னுக்கு நகர்த்துங்கள்; நடுப்பகுதியிலும் பின்பக்கம் விலகினால் மட்டுமே கம்பியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, சில்லின் சரிவிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.